ஈவு வழங்கலும் பங்கு மீட்பும்

(குமாரபாளையத்தில் தொழில் நடத்துவோரும் வணிகவியல் மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரவும் பகலும் தறிச் சத்தம் ஓயாத ஊர் இது. காவிரியின் கிழக்குக் கரையில், பவானிக்கு எதிர்முகமாக அமர்ந்து, துண்டும் லுங்கியும் வேட்டியும் நெய்து நாடெங்கும் அனுப்பி வாழும் குமாரபாளையத்து மக்களுக்கு, முதல் என்பது என்ன, லாபம் என்பது என்ன, கூட்டு வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் கணக்கு ஒப்புவிப்பது எத்தகைய கடமை என்பனவற்றை வெளியூரிலிருந்து வந்தவன் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆயினும் தறியிலும் சைசிங்கிலும் சாயப்பட்டறையிலும் போட்டது போக மிச்சம் பிடித்த பணத்தைக் கம்பெனிப் பங்குகளில் இடும் வழக்கம் இப்பக்கத்துக் குடும்பங்களில் வேரூன்றிவிட்ட இந்நாளில், அந்தக் கம்பெனிகள் ஈட்டும் லாபம் எவ்வழியாக நம் கைக்கு வருகிறது, எவ்வழியாக வருவது நியாயம் என்பதைச் சற்று நின்று ஆராய்வது பிரயோஜனமுள்ள காரியம் என்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

லாபத்தைப் பங்குதாரருக்குக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. பங்கு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் பகிர்ந்தளிப்பது ஒன்று. அதை லாப ஈவு என்கிறோம், பேச்சு வழக்கில் டிவிடெண்ட் என்கிறோம். விற்க விரும்புகிறவர்களிடமிருந்து கம்பெனியே தன் பங்குகளை விலை கொடுத்து வாங்கி அவற்றை அழித்துவிடுவது மற்றொன்று; அதைப் பங்கு மீட்பு என்றும் பைபேக் என்றும் சொல்கிறார்கள். இவ்விரண்டில் எது மேலானது என்று பத்திரிகைகளில் நடக்கும் வாதம் பெரும்பாலும் வரியைப் பற்றியதாகவும், மறுநாள் சந்தை விலையைப் பற்றியதாகவுமே நின்றுவிடுகிறது. நான் சொல்ல விரும்புவது வேறு. கம்பெனியில் நிலைத்திருப்பவருக்கும் அதைவிட்டு விலகுபவருக்கும் அதற்குக் கடன் கொடுத்தவருக்கும் இடையே நீதி வழுவாமல் பங்கிடும் காரியம் இது. அந்த நீதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது விலை. ஆகையால் இந்த வழியை ஏன் தேர்ந்தோம் என்று பகிரங்கமாகச் சொல்லாத இயக்குநர் சபை தன் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறது என்பது என் சித்தாந்தம்.

முதலில், லாபம் யாருடையது? பங்குதாரருடையது என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் சட்டம் அப்படி எளிதாகச் சொல்லவில்லை. லாபம் கம்பெனி என்னும் தனி ஆளுக்கு உரியது. அதில் எவ்வளவு ஈவாக வெளியே போகலாம் என்று சிபாரிசு செய்கிறவர்கள் இயக்குநர்கள். அதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அங்கீகரிக்கிறவர்கள் பங்குதாரர்கள். கூட்டம் விரும்பினால் சிபாரிசைக் குறைக்கலாமே தவிர, கூட்ட இயலாது. தேய்மானத்தைக் கழித்த பின்னரே லாபத்திலிருந்து ஈவு கொடுக்கலாம் என்றும், அறிவித்த ஈவை 5 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் இட்டு 30 நாளுக்குள் பட்டுவாடா செய்துவிடவேண்டும் என்றும் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் விதிக்கிறது. அறிவிக்கும்வரை ஈவு கேட்பதற்குப் பங்குதாரருக்கு உரிமை இல்லை. அறிவித்துவிட்டால் அது கம்பெனி அவருக்குப் பட்ட கடன். இந்த ஏற்பாட்டின் உட்கருத்து, பசித்தவன் விதைநெல்லை உண்டுவிடக்கூடாது என்பதே.

ஆகவே ஈவா மீட்பா என்று கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, இந்தப் பணம் தொழிலுக்கே தேவையா என்பது. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது, பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக 10 லட்ச ரூபாய் மூலதனம் திரட்ட முற்பட்டார்கள். அதில் பணம் போட்டவர்களுக்கு ஈவு பெறும் ஆசையும் இருந்திருக்கலாம்; ஆனால் எதிரே நின்றது, கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து எதிராளியை மூச்சுமுட்டச் செய்யக்கூடிய பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி. அத்தகைய போட்டியில் நிலைக்க வேண்டுமானால் நஷ்டத்தைத் தாங்கும் கையிருப்பு வேண்டும். அரசாங்கத்தின் பகைமையும் தலைவரின் சிறைவாசமும் சேர்ந்த நிலையில் சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது. சேமநிதி என்பது சோம்பிக் கிடக்கும் பணம் என்று எண்ணுகிறவர்கள் இந்த வரலாற்றைச் சிந்திக்கவேண்டும்.

நம் காலத்திலிருந்தும், நம் தொழிலிலிருந்தும் ஓர் உதாரணம் கூறுகிறேன். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை மூடிவிடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பல ஆண்டுகளாகக் கணக்கில் லாபம் என்று எழுதி எடுத்துச் சென்ற தொகையில் ஒரு பகுதி, உண்மையில் அக்கழிவுநீர் கலந்த நொய்யல் ஆற்றுக்கும் அதன் கரையிலுள்ள உழவருக்கும் சேரவேண்டிய கடனாக இருந்தது என்பது அன்று வெளிப்பட்டது. காவிரிக் கரையில் சாயத்தொழில் நடத்தும் குமாரபாளையத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் இதன் பொருள் தெளிவானது. சுத்திகரிப்புக்குச் செலவிடவேண்டியதைச் செலவிடாமல் மிஞ்சிய பணம் லாபமாகாது. அதை ஈவாகக் கொடுத்தாலும் மீட்பாகக் கொடுத்தாலும் அது பிறர் சொத்தைப் பங்கிட்டதே ஆகும்.

அப்படியே, தொழிலின் சுபாவத்தையும் அறியவேண்டும். நமக்கு அண்மையில் பள்ளிபாளையத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற சேஷசாயி காகித ஆலையும், அதனருகே ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலையும் இருக்கின்றன. இரண்டும் சந்தையில் பங்குகள் விற்கப்படும் கம்பெனிகள். ஒன்றில் கரும்பைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கை மற்றொன்றில் காகிதம் செய்ய உதவியிருக்கிறது. மேட்டூர் அணையில் நீர் இருந்தால் கரும்பு, கரும்பு இருந்தால் ஆலை ஓட்டம் என்னும் நிலையில் உள்ள சர்க்கரைத் தொழிலில், ஓராண்டு லாபத்தைக் கண்டு பெரும் ஈவை நிரந்தரமாக்கிவிட்டால், மழை பொய்த்த ஆண்டில் ஈவையும் குறைத்துப் பங்குதாரரின் நம்பிக்கையையும் குறைக்க நேரும். காகித ஆலையிலோ, ஒரு புது இயந்திரமும் கூழ் ஆலையின் விஸ்தரிப்பும் பல ஆண்டுச் சேமிப்பை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். இத்தகைய தொழில்களில் கையிருப்பை வைத்துக்கொண்டு மிதமான ஈவு கொடுக்கும் இயக்குநர்களைக் கருமிகள் என்று ஏசுவது நியாயமன்று.

தேவை நீங்கி மிச்சம் உண்டு என்று தெளிந்த பிறகே நம் இரண்டு வழிகளும் எதிரே வருகின்றன. ஈவு பழமையானது. 1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610-இல் தன் முதல் ஈவைப் பெரும்பாலும் ஜாதிபத்திரியும் மிளகுமாகவே அளந்து கொடுத்தது. சரக்கை வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று முணுமுணுத்த பங்குதாரரும் அந்நாளிலேயே இருந்தார்கள். ஈவின் பெருமை அதன் சமத்துவத்தில் இருக்கிறது. பத்துப் பங்கு வைத்திருக்கும் விதவைத் தாயாரும் பத்து லட்சம் பங்கு வைத்திருக்கும் நிறுவனரும் பங்கு ஒன்றுக்கு ஒரே தொகையைப் பெறுகிறார்கள். ஒருவரும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை, விலையை ஊகிக்க வேண்டியதில்லை. ஈவுக்கு இன்னொரு குணம் உண்டு: அது வாக்குறுதியாகிவிடுகிறது. ஜான் லிண்ட்னர் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1956-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கம்பெனி நிர்வாகிகள் ஈவைத் தீர்மானிக்கும்போது முதலில் சென்ற ஆண்டு கொடுத்தது எவ்வளவு என்றே பார்க்கிறார்கள், இனி இறக்க நேராது என்ற உறுதி வந்தாலன்றி ஏற்றத் தயங்குகிறார்கள் என்று காட்டினார். இந்தத் தயக்கம் நல்லது. வீண் செலவுக்கும் வெற்று ஆடம்பரத்துக்கும் போய்விடக்கூடிய பணத்தை ஆண்டுதோறும் வெளியே கொண்டுவரும் கட்டுப்பாடாக இறங்காத ஈவு அமைகிறது. ஆனால் ஈவு வானத்திலிருந்து விழும் கொடையன்று. ஈவுக்குரிய நாள் கடந்தவுடன் பங்கின் விலை ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்குவது இயல்பு. பெட்டியிலிருந்த பணம் கைக்கு வந்தது, அவ்வளவே.

பங்கு மீட்போ நம் நாட்டில் மிகப் புதியது. நெடுங்காலம் அது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. தடைக்குக் காரணமான வழக்கும் ஒரு துணித் தொழில் கம்பெனியைப் பற்றியது என்பதை இந்நகரத்தார் அறிந்துகொள்வது பொருந்தும். இங்கிலாந்தில் மென்கம்பளித் துணி உற்பத்தி செய்துவந்த ஒரு கம்பெனி தன் பங்குகளைத் தானே வாங்கிக்கொண்டு வந்தது; பிறகு அது முறிந்து கலைக்கப்பட்டபோது, பங்கை விற்ற ஒருவரின் சார்பில், விலையில் இன்னும் பாக்கி வரவேண்டும் என்று உரிமை கோரினார்கள். டிரெவர் எதிர் விட்வொர்த் எனப்படும் அவ்வழக்கில் 1887-இல் பிரபுக்கள் சபை, கம்பெனி தன் பங்கைத் தானே வாங்குவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கம்பெனியின் மூலதனத்தை நம்பியல்லவா நூல்காரரும் வங்கியாரும் கடன் கொடுத்தார்கள்? அதை முன்வாசலில் வாங்கிப் பின்வாசல் வழியாக உடைமையாளருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால், கடன் கொடுத்தவர் கையில் எஞ்சுவது என்ன? இந்த நியாயத்தையே 1956-ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டமும் தன் 77-ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது.

1998 அக்டோபர் இறுதியில் வந்த அவசரச் சட்டத்தின் மூலம் அத்தடை தளர்த்தப்பட்டது. இன்று 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு அதற்குக் கரை கட்டியிருக்கிறது. ஒவ்வொரு விதியும் பழைய அச்சத்துக்கு ஒரு பரிகாரம். செலுத்தப்பட்ட மூலதனமும் தடையற்ற சேமநிதியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் வரை இயக்குநர் சபையே மீட்கலாம். 25 சதவீதம் வரை போகவேண்டுமானால் பங்குதாரரின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். மீட்டபின் கடன், மூலதனமும் சேமநிதியும் சேர்ந்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக்கூடாது. மீட்ட பங்குகளை 7 நாளுக்குள் அழித்துவிடவேண்டும். அடுத்த மீட்புக்கு ஓராண்டு பொறுக்கவேண்டும். சேமநிதியைக் கொண்டு மீட்டால், மீட்ட பங்குகளின் முகமதிப்புக்குச் சமமான தொகையை மூலதன மீட்பு நிதி என்று தனியே ஒதுக்கிப் பூட்டிவைக்கவேண்டும். இந்தக் கடைசி விதி, 1887-இல் எழுந்த கேள்விக்கு இந்தியச் சட்டம் அளிக்கும் விடை.

இனி, காரியத்தின் உயிர்நிலைக்கு வருவோம். நால்வர் கூட்டாக நடத்தும் ஒரு தறிப்பட்டறையை மனத்தில் கொள்ளுங்கள். தறிகளும் கட்டடமும் நூல் இருப்பும் சேர்ந்து 36 லட்சம், கையில் ரொக்கம் 12 லட்சம், கடன் இல்லை. மொத்தம் 48 லட்சம். ஒரு கூட்டாளியின் பங்கு 12 லட்சம். ரொக்கத்தைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3 லட்சம் கையில் வரும், பட்டறையில் ஆளுக்கு 9 லட்சம் நிற்கும்; கூட்டினால் அதே 12 லட்சம். இதுதான் ஈவு. பிரிப்பதற்குப் பதிலாக, அவர்களில் ஒருவர் மகளின் கல்யாணத்துக்காகவோ வேறூரில் குடியேறவோ கணக்கு முடித்துக்கொள்ள விரும்பினால், அந்த 12 லட்சத்தையும் அவரிடம் கொடுத்தனுப்பலாம்; 36 லட்சம் பெறுமான பட்டறை மூவருக்கு மிஞ்சும்; ஆளுக்கு 12 லட்சம். இதுதான் மீட்பு. இதுவரை ஒருவருக்கும் லாபமில்லை, ஒருவருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் விலகுகிறவருக்கு 15 லட்சம் கொடுத்தார்கள் என்று வையுங்கள். கையிருப்பு போதாமல் 3 லட்சம் கடன் வாங்கவேண்டும். 36 லட்சத்தில் அக்கடனைக் கழித்தால் 33 லட்சம். மூவருக்கும் ஆளுக்கு 11 லட்சம். தங்கியிருந்து பாடுபடும் மூவரும் தலைக்கு ஒரு லட்சம் இழந்து, போகிறவருக்கு 3 லட்சம் பரிசளித்து அனுப்பியிருக்கிறார்கள். மாறாக, அவருடைய அவசரத்தைப் பயன்படுத்திக்கொண்டு 9 லட்சத்தில் முடித்துவிட்டால், மூவருக்கும் ஆளுக்கு 13 லட்சம். போகிறவர் 3 லட்சம் இழந்தார். விலையில் இருக்கிறது நீதி என்று நான் சொன்னதன் பொருள் இதுவே. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டுக்கு 6 லட்சம் லாபம் வரும் பட்டறையில் நால்வர் இருந்தபோது ஆளுக்கு ஒன்றரை லட்சம்; மூவர் ஆனதும் ஆளுக்கு 2 லட்சம். ஒரு தறிகூட அதிகமாக ஓடாமல், ஒரு முழம் துணிகூட அதிகமாக நெய்யாமல், பங்குக்கு வரும் லாபம் உயர்ந்தது! அந்த உயர்வைக் காட்டி நிர்வாகி ஒருவர் சன்மானம் கேட்பாரானால், அது அவருடைய உழைப்பின் பயனா, பங்கு குறைந்ததன் பயனா என்று கேட்கும் உரிமை பங்குதாரருக்கு உண்டு.

மெர்ட்டன் மில்லர், பிராங்கோ மோடிக்லியானி என்னும் அறிஞர் இருவர் 1961-இல், வரியும் இல்லாமல், தரகும் இல்லாமல், எல்லாருக்கும் எல்லாம் சமமாகத் தெரிந்திருக்கும் உலகில், லாபத்தை எவ்வழியில் கொடுத்தாலும் பங்குதாரரின் செல்வம் மாறாது என்று நிறுவினார்கள். அவர்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனால் நம் உலகில் வரி உண்டு. அதைவிட முக்கியமாக, பட்டறையின் பெறுமானத்தை நாலு கூட்டாளியும் அறிவது போலக் கம்பெனியின் பெறுமானத்தை நாலு லட்சம் பங்குதாரர் அறிய இயலாது. இயக்குநர்களே நெருங்கி அறிவார்கள். அறிந்தவர் வாங்குகிறார், அறியாதவர் விற்கிறார் என்னும் இந்த நிலையே மீட்பைத் தர்மசங்கடமான காரியமாக்குகிறது.

நம் மாநிலத்திலேயே நடந்தவற்றைப் பார்க்கலாம். 2016 மே மாதத்தில் மத்திய அரசு, 2,000 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்பும் 1,000 கோடிக்கு மேற்பட்ட கையிருப்பும் உள்ள பொதுத்துறைக் கம்பெனிகள் பங்கு மீட்பு செய்யவேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. அதையொட்டி நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமும் அடுத்தடுத்து மீட்புகளை நடத்தியது. 2018-இல் பங்கு ஒன்று 88 ரூபாய் வீதம் ஏறத்தாழ 1,249 கோடி ரூபாய்க்கு மீட்டது. பெரும்பான்மைப் பங்கு அரசிடமே இருந்ததால், போன பணத்தில் பெரும்பகுதி அரசின் கஜானாவுக்கே சென்றது. அதே ஆண்டுகளில் அந்நிறுவனம் நெய்வேலியில் 1,000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையத்தையும் எழுப்பிக்கொண்டிருந்தது. தொழிலின் தேவை மீட்பை முடிவு செய்ததா, உடைமையாளரின் பணமுடை முடிவு செய்ததா என்று சிறு பங்குதாரர் எவரேனும் கேட்டிருந்தால் அக்கேள்வியைத் தவறென்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் திருத்திய நெறிமுறையில், சந்தை விலை கணக்குப் புத்தக மதிப்புக்குக் கீழே தொடர்ந்து 6 மாதம் கிடக்கும் கம்பெனியே மீட்பை எண்ணவேண்டும் என்னும் நிபந்தனை சேர்க்கப்பட்டது. விலையைப் பார்த்து முடிவு செய் என்னும் விவேகம் அதில் தெரிகிறது.

நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் கோயம்புத்தூர் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் நம் தறிகளுக்கு நேர் உறவு. 1962-இல் ஜி. கே. தேவராஜுலு நிறுவிய அக்கம்பெனியின் இயந்திரங்களில் நூற்ற நூல் இந்த ஊர்த் தறிகளில் ஓடாத நாள் இராது. ஆலைகள் செழித்த ஆண்டில் ஆர்டர் குவியும், நலிந்த ஆண்டில் நின்றுபோகும் என்னும் ஏற்ற இறக்கத்தைக் கண்ட அக்கம்பெனி, ஈவையும் கைவிடாமல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை பங்கு மீட்பும் செய்து, ஒருகாலத்தில் ஏறத்தாழ 1 கோடி 23 லட்சமாக இருந்த பங்குகளை 1 கோடி 7 லட்சமளவுக்குக் குறைத்துக்கொண்டது. ஈவைச் சிறிதாகவும் நிலையாகவும் வைத்து, எதிர்பாராமல் திரண்ட மிச்சத்தை மீட்பில் விடுவது ஏற்ற இறக்கமுள்ள தொழிலுக்குப் பொருந்திய முறை. பங்குதாரருக்கு அடுத்த ஆண்டுக்கான வாக்குறுதி எதுவும் மீட்பில் இல்லை.

மென்பொருள் கம்பெனிகளின் நிலைமை வேறு. அவற்றுக்குத் தறி வேண்டாம், கொதிகலன் வேண்டாம். ஆண்டுதோறும் ரொக்கம் மலைபோல் குவிகிறது. 1981-இல் தோன்றிய இன்ஃபோசிஸ், 2017 ஆகஸ்டில் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக 13,000 கோடி ரூபாய்க்கு, பங்கு ஒன்று 1,150 ரூபாய் வீதம் மீட்பு அறிவித்தது, டி.சி.எஸ். அதே ஆண்டில் 16,000 கோடிக்கு மீட்டது. 2025-இல் இன்ஃபோசிஸ் 1,800 ரூபாய் விலையில் 18,000 கோடிக்கு மற்றொரு மீட்பை அறிவித்தபோது, நிறுவனர் குடும்பத்தார் தம் பங்குகளைக் கொடுக்காமல் விலகி நின்றார்கள். இருப்பவர் யார், விற்பவர் யார் என்பது வெட்டவெளிச்சமானால் மற்றவர்கள் தம் முடிவைத் தெளிவோடு எடுக்கலாம். ஆதலால் இத்தகைய அறிவிப்பு விரும்பத்தக்கது.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏனெனில் அது மாறிக்கொண்டே இருப்பது. 1997-இல் ஈவுக்கான வரியைக் கம்பெனியே கட்டும் முறை வந்தது. 2016-இல், 10 லட்சத்துக்கு மேல் ஈவு பெறும் தனிநபருக்கு மேலும் 10 சதவீதம் விதித்தார்கள். மறு ஆண்டில் பெரிய மீட்புகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். 2019 ஜூலையில் சந்தையில் பதிவான கம்பெனிகளின் மீட்புக்கும் 20 சதவீத வரி வந்தது; 2020 ஏப்ரலில் ஈவு வரி பெறுகிறவர் தலைக்கு மாறியது; 2024 அக்டோபர் 1 முதல் மீட்பில் வரும் தொகை முழுவதும் ஈவாகவே கருதப்பட்டது; 2026 வரவுசெலவுத் திட்டமோ அதை மறுபடி மூலதன ஆதாயமாக்க முன்மொழிந்தது. வரியைப் பற்றிய வழக்குக்கு ஓர் உதாரணம்: சென்னையில் 1994-இல் பிறந்த காக்னிசன்ட் கம்பெனியின் இந்தியக் கிளை, 2016-இல் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற திட்டத்தின்படி ஏறத்தாழ 19,000 கோடி ரூபாய்க்குத் தன் வெளிநாட்டுப் பங்குதாரரிடமிருந்து பங்குகளை வாங்கியது. அது ஈவே என்று வருமான வரித்துறை வாதித்து, 2018-இல் வங்கிக் கணக்குகளையும் முடக்கியது. 2023 செப்டம்பரில் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் துறையின் பக்கமே தீர்ப்பளித்தது. வரியை மட்டும் நோக்கி வழியைத் தேர்ந்தவர்கள், சட்டம் திரும்பும்போதெல்லாம் தாமும் திரும்ப வேண்டியிருக்கிறது. தொழிலின் நியாயத்தை நோக்கித் தேர்ந்தவருக்கு அந்த அலைச்சல் இல்லை.

சிறு பங்குதாரரை மறக்கலாகாது. மீட்பில் 15 சதவீதத்தை, 2 லட்ச ரூபாய்க்கு மேற்படாத பங்கு வைத்திருப்போருக்கென்று ஒதுக்கவேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்திருப்பது அவர்களுக்கு அரண். ஆனால் ஈவு தானாக வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது; மீட்பிலோ, எந்த நாள் கணக்கு, எத்தனை பங்குக்கு எத்தனை ஏற்பார்கள், விற்பதா வைப்பதா என்று ஆராய்ந்து உரிய நாளுக்குள் தரகர் மூலம் ஒப்புக்கொடுத்தாலன்றி ஒன்றும் வாராது. பெட்டியடியில் பழைய பங்குப் பத்திரமும், மாற்றாமலே மஞ்சளித்துப்போன ஈவு வாரண்டும் கிடக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! ஏழு ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்த ஈவு, முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகிறது. அதைத் திரும்பப் பெறலாம், பாடுபட்டுப் பெறலாம். மேலான விலையில் நடந்த மீட்பைத் தவறவிட்டவருக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. ஆகையால் விவரமறியாத சிறு பங்குதாரர் மிகுந்த கம்பெனி, சந்தேகம் வரும்போது ஈவின் பக்கமே சாயவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் முடிவெடுக்கும் கிரமம் என்ன? முதலாவது, தொழிலுக்கும் தொழிலாளருக்கும் ஆற்றுக்கும் சேரவேண்டியதைச் செலுத்திவிட்டோமா? இரண்டாவது, கடன் பாரம் தாங்கத்தக்கதா, மழை பொய்த்த ஓராண்டைக் கடக்கக் கையிருப்பு உண்டா? மூன்றாவது, மிச்சம் ஆண்டுதோறும் வருவதா, ஒருமுறை வந்ததா? ஆண்டுதோறும் வருமானால் ஈவை உயர்த்துவதே நேர்மை. ஒருமுறை வந்ததானால், நான்காவது கேள்வி எழுகிறது: சந்தை விலை, நாம் அறிந்த பெறுமானத்துக்குக் கீழே இருக்கிறதா? இருக்குமானால், கம்பெனியின் உண்மை நிலையை முழுதும் வெளியிட்டு, விற்கிறவரும் கண்திறந்து விற்கும்படி செய்தபின் மீட்கலாம். இல்லையானால், தனிச் சிறப்பு ஈவாக எல்லாருக்கும் கொடுத்துவிடவேண்டும். உயர்ந்த விலைக்கு வாங்குவது இருப்பவர் பணத்தைப் போகிறவருக்கு வழங்குவதாகும். ஐந்தாவது, இந்த முடிவால் நிர்வாகிகளுக்கோ பெரும் பங்குதாரருக்கோ தனி ஆதாயம் உண்டா? உண்டானால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடவேண்டும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை பங்குதாரராகவோ கணக்காளராகவோ இயக்குநராகவோ இருப்பீர்கள். ஆண்டறிக்கை கைக்கு வந்தால் ஈவு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள்; மிச்சம் எவ்வளவு, அதை இவ்வழியில் ஏன் கொடுத்தார்கள், இந்த விலையை எப்படி நிர்ணயித்தார்கள் என்று தேடுங்கள். காணவில்லையானால் பொதுக்கூட்டத்தில் எழுந்து மரியாதையோடு கேளுங்கள். பத்துப் பங்கு உடையவருக்கும் அந்த உரிமை உண்டு. இயக்குநர்களாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த ஐந்து கேள்விக்கும் விடையை ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு, கேட்பதற்கு முன்பே கொடுங்கள் என்பதே. பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவன் கணக்கைக் காட்டினால் மட்டும் போதாது, காரணத்தையும் காட்டவேண்டும். காரணம் காட்டக் கூசாத கம்பெனியில், ஈவாயினும் மீட்பாயினும், யார் பணமும் யார் கைக்கும் அநியாயமாகப் போய்ச் சேராது.